பட்டம் வரை கைகொடுக்கும் பள்ளிகள்

ஒரு மாணவருக்குக் கல்லூரியில் இடம் கிடைப்பது ஒன்று. அந்தக் கல்லூரியிலிருந்து பட்டத்துடன் வெளியே வருவது வேறொன்று. இவ்விரண்டுக்கும் இடையே எவ்வளவு தொலைவு இருக்கிறது என்பதைப் பல்கலைக்கழகங்கள் நிறைந்த அமெரிக்காவின் கணக்கே காட்டிவிடுகிறது. அங்கே நான்காண்டுப் பட்டப்படிப்பில் முழுநேர மாணவராகச் சேருவோரில், ஆறு ஆண்டு அவகாசம் கொடுத்துக் கணக்கிட்டாலும், சேர்ந்த கல்லூரியிலேயே பட்டம் பெறுவோர் மூன்றில் இரண்டு பங்குக்குச் சற்றுக் குறைவுதான். எஞ்சியோரில் சிலர் வேறு கல்லூரிக்கு மாறிப் படிப்பை முடிக்கின்றனர். பலர் படிப்பையே விட்டுவிடுகின்றனர். அவர்களுள் கடன் வாங்கிப் படித்தவர்களுக்குப் பட்டம் இல்லாமல் கடன் மட்டும் மிஞ்சுகிறது. வறுமையான குடும்பங்களிலிருந்தும், கல்லூரி வாசலையே மிதித்திராத பெற்றோருக்குப் பிறந்தும் வருகிற மாணவர்களிடையே இந்த இழப்பு மேலும் கூடுதலாக இருக்கிறது.

இந்த இழப்பைத் தடுக்கும் பொறுப்பு உயர்நிலைப் பள்ளிக்கும் உண்டு என்ற எண்ணம் அமெரிக்கத் தனியார் பள்ளிகளில் நெடுங்காலமாக வேரூன்றியிருக்கிறது. வழக்கில் ‘பிரெப் ஸ்கூல்’ என்றழைக்கப்படும் ஆயத்தப் பள்ளிகள், ஒன்பதாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரையிலான நான்கு ஆண்டுகளையும் கல்லூரி வாழ்க்கைக்கான பயிற்சிக் காலமாகவே வகுத்துக்கொள்கின்றன. தமிழ்நாட்டின் பிளஸ் டூ தேர்வைப் போல ஒரே பொதுத்தேர்வின் மதிப்பெண் அங்கே கல்லூரி இடத்தைத் தீர்மானிப்பதில்லை. நான்காண்டு மதிப்பெண் பட்டியல், எடுத்துக்கொண்ட பாடங்களின் கடினம், பல கல்லூரிகள் கேட்கும் எஸ்.ஏ.டி. போன்ற தேர்வு, மாணவர் தம்மைப் பற்றி எழுதும் கட்டுரை, ஆசிரியர்களின் பரிந்துரைக் கடிதம், வகுப்பறைக்கு வெளியே செய்த பணி ஆகியவை சேர்த்தே எடைபோடப்படுகின்றன. இதனால் எதைக் கற்பிப்பது, எப்படிக் கற்பிப்பது என்பதில் தனியார் பள்ளிகளுக்குக் கணிசமான சுதந்திரம் கிடைக்கிறது. அந்தச் சுதந்திரத்தை நன்கு பயன்படுத்திய இரு பள்ளிகளின் வழிமுறைகளை ஆராய்ந்தால், கல்லூரியில் நிலைத்து நிற்க ஒரு மாணவருக்கு உண்மையில் என்னென்ன வேண்டும் என்பது விளங்கும். அவற்றுள் ஒன்று பழைமையும் செல்வமும் மிக்கது. மற்றொன்று ஏழைப் பிள்ளைகளுக்காகவே தொடங்கப்பட்டது.

நீள்வட்ட மேசையைச் சுற்றி ஒரு வகுப்பறை

நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்திலுள்ள ஃபிலிப்ஸ் எக்ஸிடர் அகாடமி 1781இல் ஜான் ஃபிலிப்ஸ் என்பவரால் நிறுவப்பட்டது. ஏறத்தாழ ஒன்றரை நூற்றாண்டு மற்றப் பள்ளிகளைப் போலவே ஆசிரியர் முன்னே நின்று வினவ, மாணவர் மனப்பாடமாக ஒப்பிக்கும் முறைதான் அங்கும் இருந்தது. 1930இல் எட்வர்டு ஹார்க்னஸ் என்ற கொடையாளர், எண்ணெய்த் தொழிலில் தம் குடும்பம் ஈட்டிய செல்வத்திலிருந்து 58 லட்சம் டாலரை அப்பள்ளிக்கு வழங்கியபோது, வரிசை வரிசையான இருக்கைகளை அகற்றிவிட்டுச் சிறு குழுவாக ஒரே மேசையைச் சுற்றி அமர்ந்து கற்கும் முறை வரவேண்டும் என்ற தம் விருப்பத்தையும் தெரிவித்தார். அன்று முதல் அங்கே பெரிய நீள்வட்ட மேசை ஒன்றைச் சுற்றி ஏறத்தாழ பன்னிரண்டு மாணவர்களும் ஓர் ஆசிரியரும் சமமாக அமர்ந்து பாடம் நடத்தும் முறை நிலைபெற்றது. அந்த மேசையும் அந்த முறையும் கொடையாளரின் பெயராலேயே இன்றும் வழங்குகின்றன.

இம்முறையில் பாடம் நடக்கும் விதத்தைச் சற்று நெருங்கிப் பார்க்கலாம். அன்றைக்குரிய பகுதியை மாணவர்கள் முந்தைய இரவே படித்து, ஐயங்களையும் கருத்துகளையும் குறித்துக்கொண்டு வருகின்றனர். மாணவர் ஒருவர் கேள்வியோடு பேச்சைத் தொடங்குகிறார். இன்னொருவர் அதை மறுக்கிறார். மறுப்பவர் தம் கருத்துக்கு ஆதாரமான பக்கத்தையும் வரியையும் எடுத்துக்காட்டியாக வேண்டும். ஒருவரே நெடுநேரம் பேசினால் அதுவும் குறைதான், ஒருவர் வாயே திறக்காவிட்டால் அதுவும் குறைதான் என்பதால், பேசுவதைப் போலவே பிறர் பேசுவதைக் கவனித்துக் கேட்பதும் அங்கே மதிப்பிடப்படுகிறது. ஆசிரியர் பேச்சு தடம் மாறும்போது மட்டும் குறுக்கிடுகிறார். கணிதத்திலும் இதே நெறிதான்: அப்பள்ளி ஆசிரியர்களே தொகுத்த கணக்குகள் வீட்டுப்பாடமாகத் தரப்படுகின்றன, மறுநாள் மாணவர்கள் தத்தம் விடைகளைப் பலகையில் எழுதி, எந்த வழியில் அந்த விடையை அடைந்தனர் என்பதை மற்றவர்களுக்கு விளக்குகின்றனர். சூத்திரத்தை முதலில் சொல்லிக்கொடுத்துப் பிறகு கணக்குப் போடச் சொல்வதற்கு மாறாக, கணக்குகளின் வழியே சூத்திரத்தைத் தாமே கண்டடையும்படி அவை அடுக்கப்பட்டிருக்கின்றன.

இதற்கும் கல்லூரி வெற்றிக்கும் உள்ள தொடர்பு நேரானது. அமெரிக்கக் கல்லூரிகளில் வகுப்பில் செலவிடும் ஒவ்வொரு மணி நேரத்துக்கும் வெளியே இரண்டு மணி நேரமாவது மாணவர் தாமாகப் படிக்க வேண்டும் என்பது மரபான எதிர்பார்ப்பு. அங்கே அன்றாடம் வீட்டுப்பாடத்தைச் சரிபார்க்க எவரும் இல்லை. பருவத் தொடக்கத்தில் ஒரு பாடத்திட்டத் தாளைக் கொடுத்து, எந்த நாளில் எந்தக் கட்டுரை, எந்த நாளில் எந்தத் தேர்வு என்று அறிவித்துவிட்டால் அதன்பின் பொறுப்பு மாணவருடையது. முன்கூட்டிப் படித்துவிட்டு வகுப்புக்கு வருவது, ஆதாரத்துடன் கருத்துரைப்பது, கட்டுரையைப் பலமுறை திருத்தி எழுதுவது, பிறர் எழுத்தை எடுத்தாளும்போது மூலத்தைக் குறிப்பிடுவது ஆகிய பழக்கங்கள் பதினான்கு வயதிலேயே படிந்துவிட்ட மாணவருக்கு முதலாண்டு புதிய ஊராக இருக்கலாம்; புதிய உலகமாக இருப்பதில்லை.

உழைத்துப் படிக்கும் பள்ளி

எக்ஸிடர் போன்ற பள்ளிகளுக்குப் பெருங்கொடைகள் உண்டு. அத்தகைய செல்வம் இல்லாத இடத்தில், கட்டணம் செலுத்த இயலாத பிள்ளைகளுக்குத் தனியார் பள்ளி ஒன்றை நடத்த முடியுமா என்ற கேள்விக்கு 1996இல் சிகாகோவில் ஒரு விடை உருவானது. மெக்சிகோவிலிருந்து குடியேறிய உழைக்கும் மக்கள் மிகுந்து வாழ்ந்த பில்சன் பகுதியில் இயேசு சபைத் துறவியர் தொடங்கிய அப்பள்ளிக்குக் கிறிஸ்து அரசரைக் குறிக்கும் ஸ்பானிய மொழிப் பெயராகக் கிறிஸ்டோ ரே எனப் பெயரிட்டனர். பெரு நாட்டில் முப்பது ஆண்டுகளுக்கும் மேல் கல்விப்பணி ஆற்றிய ஜான் ஃபோலி என்ற குரு அதன் முதல் தலைவராகப் பொறுப்பேற்றார். தமிழ்நாட்டில் திருச்சி புனித வளனார் கல்லூரி, சென்னை லயோலா கல்லூரி முதலியவற்றை நிறுவியதும் இதே துறவற சபைதான்.

அப்பகுதி மக்கள் தம் பிள்ளைகளைக் கல்லூரிக்கு ஆயத்தப்படுத்தும் நல்ல பள்ளியை விரும்பினர். ஆனால் அதற்கான செலவை ஏற்கும் வசதி அவர்களிடம் இல்லை. அப்போது முன்வைக்கப்பட்ட யோசனை மிக எளியது: மாணவர்களே வேலை செய்து தம் கட்டணத்தின் பெரும்பகுதியை ஈட்டட்டும். இதன்படி நான்கு மாணவர்கள் சேர்ந்து ஒரு நிறுவனத்தின் தொடக்கநிலைப் பணியிடம் ஒன்றைப் பகிர்ந்துகொள்கின்றனர். ஒவ்வொருவரும் மாதத்தில் ஐந்து நாள் வழக்குரைஞர் அலுவலகத்திலோ வங்கியிலோ மருத்துவமனையிலோ முழுநாள் வேலை செய்ய, மற்ற நாள்களில் பள்ளியில் பாடம் நடக்கிறது. வேலையால் குறையும் வகுப்பு நேரத்தை ஈடுசெய்யப் பள்ளி நேரம் நீட்டிக்கப்படுகிறது. நிறுவனம் தரும் ஊதியம் மாணவர் கைக்குச் செல்லாமல் கல்விச் செலவுக்கே செல்கிறது. குடும்பங்கள் தம் சக்திக்கு ஏற்ற சிறு தொகையைச் செலுத்துகின்றன. எஞ்சியதை நன்கொடைகள் நிரப்புகின்றன. இந்த முறையைப் பின்பற்றும் பள்ளிகள் இன்று அமெரிக்காவில் ஏறக்குறைய 40 இருக்கின்றன. வருமானம் குறைந்த குடும்பங்களின் பிள்ளைகளுக்கே இடம் என்பது அவற்றின் அடிப்படை விதி.

ஒன்பதாம் வகுப்பு தொடங்குமுன் கோடையிலேயே மாணவர்களுக்குப் பணிப்பயிற்சி அளிக்கப்படுகிறது. அலுவலகத்துக்கு ஏற்ற உடை, கைகுலுக்கிக் கண்பார்த்துப் பேசுவது, தொலைபேசியில் விவரம் கேட்டுக் குறித்துக்கொள்வது, கோப்புகளை ஒழுங்குபடுத்துவது, கணினியில் கடிதமும் அட்டவணையும் தயாரிப்பது ஆகியவை அப்போது கற்பிக்கப்படுகின்றன. பதினான்கு வயதுப் பிள்ளை ஒருவர் வானளாவிய கட்டடத்தின் அலுவலகத்தில் பட்டதாரிகளுக்கு நடுவே பணியாற்றத் தொடங்கும்போது, குறித்த நேரத்துக்கு வருவதும் சொன்ன வேலையை முடிப்பதும் வழக்கமாவதோடு, தம் தெருவில் எவரும் வகிக்காத பதவிகளை வகிக்கும் மனிதர்களை நேரில் அறியும் வாய்ப்பும் கிடைக்கிறது. கல்லூரிப் படிப்பு எதற்காக என்ற கேள்விக்கு அந்த மாணவரிடம் கண்ணால் கண்ட பதில் ஒன்று இருக்கிறது. முதலாண்டின் கடினமான மாதங்களில் படிப்பை விட்டுவிடாமல் பிடித்து நிறுத்துவதில் அந்தப் பதிலுக்குப் பெரும் பங்கு உண்டு.

எவரும் எழுதிவைக்காத பாடங்கள்

கல்லூரியில் தோல்வியடைவோர் அனைவரும் அறிவில் குறைந்தவர்கள் அல்லர் என்பதைச் சமூகவியலாளர் ஆண்டனி ஆபிரகாம் ஜாக் விரிவாக ஆராய்ந்திருக்கிறார். 2019இல் வெளிவந்த ‘தி பிரிவிலேஜ்டு பூர்’ என்னும் நூலில், புகழ்பெற்ற பல்கலைக்கழகம் ஒன்றில் சேர்ந்த ஏழை மாணவர்களை அவர் இரு பிரிவாகப் பிரித்துக் காட்டுகிறார். உதவித்தொகையின் துணையால் தனியார் பள்ளியில் படித்துவிட்டு வந்தவர்கள் ஒரு பிரிவினர். வசதி குன்றிய உள்ளூர் அரசுப் பள்ளியிலிருந்து நேரே வந்தவர்கள் மறு பிரிவினர். வருமானத்தில் இரு பிரிவினரும் ஒரே நிலையில் இருந்தபோதிலும், பேராசிரியர்களிடம் பழகும் விதத்தில் அவர்களிடையே ஆழ்ந்த வேறுபாடு தெரிந்தது.

அமெரிக்கக் கல்லூரிகளில் ஒவ்வொரு பேராசிரியரும் வாரத்தில் சில மணி நேரத்தை மாணவர்கள் வந்து சந்திப்பதற்காக ஒதுக்குகிறார்; இதற்கு ‘ஆஃபீஸ் அவர்ஸ்’ என்று பெயர். பாடத்திட்டத் தாளில் நாளும் நேரமும் அச்சிடப்பட்டிருக்குமே தவிர, அது எதற்காக என்ற விளக்கம் பெரும்பாலும் இருக்காது. தனியார் பள்ளியில் ஆசிரியர்களோடு ஒரே மேசையில் உணவருந்தி, மாலையில் அவர்கள் அறைக்கே சென்று ஐயம் கேட்டுப் பழகியவர்கள் இயல்பாகவே அந்நேரத்தைப் பயன்படுத்திக்கொண்டனர். மற்றவர்களுள் சிலருக்கு அந்நேரத்தின் நோக்கமே தெரியவில்லை. தெரிந்தவர்களுள் சிலரோ, ஆசிரியரிடம் தனியே சென்று பேசுவது தகுதியால் பெற வேண்டியதைத் தயவால் பெறுவதாகிவிடும் என்று ஒதுங்கி நின்றனர். பின்னாளில் ஆராய்ச்சி வாய்ப்பும் பரிந்துரைக் கடிதமும் பேராசிரியருக்கு நன்கு அறிமுகமான மாணவர்களையே தேடிச் செல்வதால், இந்தச் சிறு வேறுபாடு நான்கு ஆண்டுகளில் பெரும் இடைவெளியாக விரிந்துவிடுகிறது. இவ்வாறு எல்லாரும் அறிந்திருப்பதாகக் கருதப்பட்டு, எவராலும் கற்பிக்கப்படாத வழக்கங்களையே கல்வியாளர்கள் மறைமுகப் பாடத்திட்டம் என்று குறிப்பிடுகின்றனர். ஆயத்தப் பள்ளி ஒன்று தன் மாணவருக்கு அளிக்கும் மிகப் பெரிய உதவி, உதவி கேட்பது இழிவல்ல என்ற பழக்கத்தை ஊட்டுவதே எனலாம்.

விண்ணப்பமும் பணமும் இடைப்பட்ட கோடையும்

எந்தக் கல்லூரியைத் தேர்ந்தெடுப்பது என்பதும் பட்டம் பெறுவதைப் பாதிக்கும் காரணிகளுள் ஒன்று. நல்ல மதிப்பெண் பெற்ற ஏழை மாணவர்களில் பெரும்பாலோர் தம் தகுதிக்கு ஏற்ற சிறந்த கல்லூரிகளுக்கு விண்ணப்பிப்பதே இல்லை என்பதைப் பொருளியல் அறிஞர்கள் கரோலின் ஹாக்ஸ்பியும் கிறிஸ்டோபர் ஏவரியும் எடுத்துக்காட்டியுள்ளனர். செல்வம் மிக்க கல்லூரிகள் அறிவிக்கும் கட்டணம் மலைக்க வைப்பதாக இருந்தாலும், குடும்ப வருமானத்தைப் பொறுத்து அவை வழங்கும் உதவித்தொகையைக் கழித்துப் பார்த்தால், உண்மையில் செலுத்த வேண்டிய தொகை அருகிலுள்ள சாதாரணக் கல்லூரியைவிடக் குறைவாக அமைவதுண்டு. இந்தக் கணக்கைப் பெற்றோருக்கு விளக்கிச் சொல்பவர் கல்லூரி ஆலோசகர். அமெரிக்க அரசுப் பள்ளிகளில் சராசரியாக ஏறத்தாழ 400 மாணவர்களுக்கு ஓர் ஆலோசகரே இருக்க, ஆயத்தப் பள்ளிகளில் கல்லூரிச் சேர்க்கைக்கென்றே தனி ஆலோசகர்கள் மிகச் சில மாணவர்களை மட்டும் பொறுப்பேற்று, பதினோராம் வகுப்பிலிருந்தே ஒவ்வொருவரோடும் பெற்றோரோடும் அமர்ந்து பேசுகின்றனர். அரசின் நிதியுதவிக்கான பொது விண்ணப்பத்தை நிரப்புவதும், வருமானம் குறைந்த மாணவர்களுக்கு 2024-25ஆம் கல்வியாண்டில் அதிகபட்சமாக 7,395 டாலர் வரை வழங்கப்பட்ட, திருப்பிச் செலுத்த வேண்டாத பெல் உதவித்தொகையைப் பெற்றுத் தருவதும் அவர்களது பணியில் அடங்கும்.

இடம் கிடைத்துவிட்டதாலேயே கவலை தீர்ந்துவிடுவதில்லை. பள்ளி முடிந்து கல்லூரி திறப்பதற்கு இடைப்பட்ட கோடையிலேயே கணிசமானோர் நழுவிவிடுகின்றனர் என்பதை ஆய்வாளர்கள் பெஞ்சமின் காசில்மனும் லிண்ட்சே பேஜும் கண்டறிந்தனர். கல்லூரியில் சேரப்போவதாக உறுதியாக இருந்த மாணவர்களில், இடத்தையும் பிரிவையும் பொறுத்து, 10 முதல் 40 விழுக்காடு வரையினர் கல்லூரி திறக்கும்போது எங்குமே சேரவில்லை. விடுதிக்கான முன்பணம், தடுப்பூசிச் சான்று, மருத்துவக் காப்பீட்டுப் படிவம், பாடப்பிரிவுத் தேர்வு என்று அடுத்தடுத்து வரும் கெடுநாள்களை நினைவூட்ட ஆளில்லாததே இதற்குரிய காரணங்களுள் முக்கியமானது. பள்ளி மூடியிருக்கிறது, கல்லூரி இன்னும் திறக்கவில்லை. கைப்பேசியில் அனுப்பிய எளிய நினைவூட்டல் செய்திகள்கூடச் சில இடங்களில் இந்த நழுவலைக் குறைத்தன. ஆகையால் பொறுப்புணர்ந்த பள்ளிகள் அந்தக் கோடையிலும் ஆலோசகர்களைப் பணியில் வைத்திருக்கின்றன.

அதற்குப் பிறகும் சில பள்ளிகள் மாணவரைக் கைவிடுவதில்லை. அரசு நிதியில் தனி நிர்வாகத்துடன் இயங்கும் கிப் பள்ளிகள், தம்முடைய தொடக்ககால மாணவர்களுள் 33 விழுக்காட்டினரே நான்காண்டுப் பட்டம் பெற்றிருப்பதை 2011இல் தாமாகவே வெளியிட்டன. ஏழை மாணவர்களின் தேசியச் சராசரியோடு ஒப்பிட்டால் அது பன்மடங்கு அதிகம் என்றபோதிலும், அது போதாது என்று அவை வெளிப்படையாக ஒப்புக்கொண்டு, பழைய மாணவர்களுக்கான வழிகாட்டலை வலுப்படுத்தின. கிறிஸ்டோ ரே பள்ளிகளும் பல பல்கலைக்கழகங்களோடு கூட்டுறவு ஏற்படுத்திக்கொண்டு, கல்லூரிக்குச் சென்ற தம் மாணவர்களுக்குப் பழைய மாணவர் ஆலோசகர்கள் மூலம் தொடர்ந்து துணைநிற்கின்றன. எத்தனை பேரைச் சேர்த்தோம் என்பதோடு நில்லாமல், எத்தனை பேர் முடித்தனர் என்று தன்னையே கேட்டுக்கொள்ளும் பள்ளிதான் தன் குறைகளைத் திருத்திக்கொள்ள முடியும்.

வரம்புகளும் பாடமும்

இப்பள்ளிகளின் வெற்றி முழுவதும் கற்பித்தலால் மட்டுமே விளைந்ததென்று கொள்வது சரியாகாது. எக்ஸிடர் திறமை வாய்ந்தவர்களைத் தேர்ந்தெடுத்தே சேர்க்கிறது. கிறிஸ்டோ ரே பள்ளிகளிலும் வேலையும் படிப்பும் சேர்ந்த சுமையைத் தாங்க முன்வரும் பிள்ளைகளும், அதற்குத் துணைநிற்கும் பெற்றோருமே வந்து சேர்கின்றனர். பன்னிரண்டு பேருக்கு ஓர் ஆசிரியர் என்பது எல்லாப் பள்ளிகளுக்கும் எட்டக்கூடிய விகிதமும் அன்று. தனியார் பள்ளி என்ற பெயரே வெற்றியைத் தந்துவிடாது; அப்பள்ளி அன்றாடம் எந்தப் பழக்கங்களை ஊட்டுகிறது என்பதே வேறுபாட்டை உண்டாக்குகிறது.

தமிழ்நாட்டிலும் இந்தப் பாடம் ஒருமுறை கசப்பாகவே உணரப்பட்டது. பல தனியார் மேல்நிலைப் பள்ளிகள் பதினோராம் வகுப்புப் பாடங்களை ஒதுக்கிவிட்டு, இரண்டு ஆண்டும் பன்னிரண்டாம் வகுப்புப் பாடத்தையே நடத்தி மதிப்பெண்களைக் குவித்தபோது, அம்மாணவர்கள் பொறியியல் கல்லூரியின் முதலாண்டில் அடிப்படை தெரியாமல் தடுமாறினர். அதைத் தடுக்கவே 2017-18ஆம் கல்வியாண்டில் பதினோராம் வகுப்புக்கும் பொதுத்தேர்வு கொண்டுவரப்பட்டது. மாணவரின் சுமையைக் கருதி 2025இல் அந்தத் தேர்வு கைவிடப்பட்டுவிட்ட நிலையில், பதினோராம் வகுப்பை ஒழுங்காக நடத்தும் பொறுப்பு மீண்டும் பள்ளிகளின் மனச்சாட்சியிடமே வந்து சேர்ந்திருக்கிறது.

மேலே கண்ட பழக்கங்களுள் பலவற்றுக்குப் பெருஞ்செலவு தேவையில்லை. வாரத்தில் ஒரு வகுப்பையாவது மாணவர்கள் படித்துவந்து தாமே விவாதிக்க விடலாம். கட்டுரையை ஒருமுறை திருத்தி மீண்டும் எழுதச் சொல்லலாம். ஐயம் கேட்கும் மாணவரைப் பாராட்டலாம். கல்வி உதவித்தொகை விண்ணப்பத்தை ஆசிரியர் ஒருவர் உடனிருந்து நிரப்பித் தரலாம். கல்லூரிக்குச் சென்ற பழைய மாணவரை முதல் பருவத்தேர்வு முடிந்ததும் தொலைபேசியில் அழைத்து நலம் விசாரிக்கலாம். பிள்ளைகளைச் சேர்க்கப் பள்ளி தேடும் பெற்றோர், சென்ற ஆண்டில் எத்தனை பேர் எந்தக் கல்லூரியில் இடம் பெற்றனர் என்று கேட்பதோடு நின்றுவிட வேண்டாம். அவர்களுள் எத்தனை பேர் முதலாண்டில் எல்லாப் பாடங்களிலும் தேர்ச்சி பெற்றனர் என்பதையும் சேர்த்துக் கேட்க வேண்டும். பெற்றோர் கேட்கத் தொடங்கினால்தான் பள்ளிகள் அந்தக் கணக்கை எடுக்கத் தொடங்கும்.